இளையாள்

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வாரம்கூட ஆகாத மைதிலி, மாமியார் கோமளா தன் தங்கையிடம் போனில் பேசியதைக் கேட்டுத் திடுக்கிட்டாள்.

“ஆமாண்டி, உன் அத்திம்பேருக்கு இளையாளும் வந்தாச்சு. மூத்தா தினமும், இளையா ஞாயித்துக்கிழமை மட்டும். எனக்கென்ன வருத்தம்? நான்தான் போய்க் கூட்டிண்டு வந்தேன். ஒருத்தி இடது பக்கம், ஒருத்தி வலது பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்தப்புறம்தான் மனுஷன் வழிக்கு வந்திருக்கார்!”



அந்த நேரம் பார்த்து மாமனார் வரதராஜன் கூடத்துக்கு வந்தார். “கோமு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இளையாளைக் கொண்டா.”

கோமளா ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில் இரண்டு பேனா ஊசிகள் இருந்தன. மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மூத்தா இன்சுலின். இளையா, டாக்டர் புதுசா சேர்த்த வாராந்தர ஊசி. ரெண்டும் சேர்ந்து சர்க்கரையை இறக்கிடுத்து” என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். “அதுக்காக, நேத்து மிஷ்டி கடை வாசல்ல ரசகுல்லாவைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட்டுண்டு நின்னேளே, வெக்கமா இல்லே?”

சட்டையைத் தூக்கியபடி வரதராஜன் மருமகளைப் பார்த்தார்.

“அந்த ரெண்டு பேர் குத்தறது வலிக்கவே வலிக்காதும்மா.”