அடுத்த வயல்காரி

"வக்கீலய்யா, எனக்கு ஒரு வரன் வந்திருக்கு" என்றாள் விதவை டார்கஸ்.

ஆம்ப்ரோஸின் பேனா நின்றது. ஆங்கிலேயர் ஆண்ட வர்ஜீனியாவின் ஆற்றங்கரையில் அவருடைய புகையிலை வயலுக்கு அடுத்த வயல் அவளுடையது. அவளைக் கல்யாணத்துக்குக் கேட்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்தும் வாய் வராமல் இருந்தார்.

அவளையே சுற்றிவரும் அந்தக் கேப்டன் ஹிக்ஸ் முந்திக்கொண்டான் போலிருக்கிறது!

"கல்யாணம் பண்ணிக்கிட்டா என் நிலம் என்னாகும்?"

"புருஷனுக்குப் போயிடும். அவன் அதைச் சூதாடித் தோத்தாலும் நீங்க வாயைத் திறக்க முடியாது."

"சட்டம் அவ்வளவு மோசமா?"

"சட்டமாவது பரவாயில்ல, ஆம்பளைங்க அதைவிட மோசம். ஒருத்தனையும் நம்பாதீங்க!"

"அப்ப முடியாதுன்னு சொல்லிடவா?"

"இன்னைக்கே சொல்லிடுங்க."

டார்கஸ் எழுந்தாள். "சரி, போற வழியில உங்க அக்காகிட்டயே சொல்லிடறேன். பாவம், தம்பிக்காக அவ்வளவு ஆசையா வந்து கேட்டாங்க."

ஆம்ப்ரோஸ் ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"இருங்க, இருங்க! கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கிட்டா நிலம் உங்க பேர்லயே இருக்கும்!"

"அப்படி வாங்க வழிக்கு" என்று டார்கஸ் மறுபடி உட்கார்ந்தாள். "அதுக்குத்தானே வந்தேன். எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அக்காகிட்ட சம்மதம்னு சொல்லிடறேன்."