இருப்பதிலேயே குறைந்த எண்

டாக்டரின் மேசையில் மூன்று லேப் ரிப்போர்ட்டுகளையும் டயர் வியாபாரி சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்தார்.

மூன்று லேபில் ரத்தம் கொடுத்திருந்தார். ஒரே கடையில் விலை கேட்டுச் சரக்கு எடுப்பவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இருப்பதிலேயே குறைந்த எண் நடு ரிப்போர்ட்டில் இருந்தது. அதை மட்டும் ஒற்றை விரலால் டாக்டர் பக்கம் தள்ளினார்.

கல்லீரலில் புற்று வந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும், பார்த்துவிடலாம் என்று சொன்னதே இந்த டாக்டர்தான். ஏஎஃப்பி என்று அதற்குப் பெயர் வேறு. பார்த்தாயிற்று. ஏறவில்லை. மூன்று பேர் சுத்தம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், ஸ்கேன் படத்தில் ஏதோ ஒரு நிழலைக் காட்டி, கட்டிதான், இப்போதே வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்கிறார்.

வியாபாரிக்குச் சிரிப்பு வந்தது. வருகிறவன் முகத்தைப் பார்த்து விலை சொல்கிற கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். இந்த ஆள் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"நம்பர் நார்மல், ஆனா ஆபரேஷன் மட்டும் பண்ணணும். என்கிட்டயேவா சார்?"

டாக்டர் கோபப்படவில்லை. அதுவும் தொழில்தான் என்று வியாபாரி நினைத்துக்கொண்டார்.

"எல்லாக் கட்டியும் இந்தப் புரதத்தை வெளிய விடாதுங்க. சிலது வெளிய காட்டிக்காம உள்ளுக்குள்ளயே வளரும். போர்டு மாட்டாம கடை நடத்துற மாதிரி."

வியாபாரி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியா கதைய? போர்டு இல்லாம எந்தக் கூறுகெட்டவன் கடை நடத்துவான்?"

வந்ததிலிருந்து அந்த ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நம்ம பின்சந்து குடோனுக்கு என்னங்க போர்டு மாட்டியிருக்கோம்?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வியாபாரிக்கு விளங்கியது. முன்கடை சும்மா ஒப்புக்கு. வீடு, கார், பெண்ணின் கல்யாணம் எல்லாமே பில் இல்லாத டயர்களைக் கூரை முட்ட அடுக்கிய அந்தக் குடோனிலிருந்து வந்ததுதான். சோதனைக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள். முன்கடையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். எல்லாம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சிரிப்பை அடக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

மூன்று ரிப்போர்ட்டுகளையும் மெல்ல ஒன்றாகச் சேர்த்தார். கை தானாக வலது விலாவுக்குக் கீழே போனது.

பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப்போட்டு, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"உள்ள எவ்வளவு அடுக்கியிருக்கான் சார்?"