வெள்ளைத் தோசை

ஈரோட்டில் அந்த மெஸ்ஸின் திரை வைத்த தோசைக்கல், சாப்பிட வருகிறவரின் உடம்பைப் பார்த்து மாவைத் தானே தேர்ந்தெடுக்கும். லாரி ஓட்டும் சென்னியப்பனுக்குச் சர்க்கரை என்று இரண்டு வருடமாகக் கம்பு தோசைதான். அன்று தட்டில் வந்ததோ வெள்ளை வெளேரென்ற அரிசித் தோசை. இனிப் பத்தியம் இருந்தும் பயனில்லை என்று கல்லே அவரைக் கைவிட்டுவிட்டதோ?

"அக்கா, எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதிங்களா?" என்று மெஸ் நடத்தும் ரங்கநாயகியிடம் கேட்டார்.

கல்லின் திரையைப் பார்த்த ரங்கநாயகி சிரித்துவிட்டாள். "ஒம்பது கிலோ எளைச்சுட்டீங்க. சர்க்கரையும் எறங்கிருச்சு. இனி வாரத்துக்கு ஒரு நாள் அரிசி தின்னலாமுங்க."

சென்னியப்பன் தோசையைத் தொடவில்லை. போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"மயிலாத்தா, ஆட்டோ புடிச்சு ஒடனே மெஸ்ஸுக்கு வா. ஆறுறதுக்குள்ள வந்தீன்னா பாதி உனக்கு!"