பொந்துக்குத் திரும்பிய ஆண்

ஆற்றில் ராட்சத சாலமாண்டர் என்ற பல்லி உருவ நீர்வாழ் இனம் அற்றுப்போய்விட்டது. இனப்பெருக்க நிலையத்துத் தொட்டியில் கிடந்த முட்டைகள்தான் மிச்ச நம்பிக்கை. சிமெண்டுப் பொந்துக்குள் கண்ணாடி மணிகளைக் கோத்ததுபோல் இருந்த அவற்றை, ஆள் நீள ஆண் சாலமாண்டர் காத்துக் கிடந்தது. நேற்று அது ஒரு முட்டையை விழுங்குவதைப் பொந்துக் கேமராவில் பார்த்த பராமரிப்பாளர்கள் பொற்கொடியும் குருசும் பதறிப்போய் அதை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள்.

இன்று காலை சில முட்டைகள் வெளுத்து, மேலே பஞ்சுபோல் பூசணம் பூத்திருந்தது. அது பக்கத்து முட்டைகளையும் தொட்டுவிட்டது.

"அழுகினதத்தாம்மா அது தின்னுருக்கு. கெடுத்தது நாமதான்," என்றார் குருசு.

"அப்ப திருப்பி விடுங்கண்ணே."

"அத மாத்தும்போது முட்டையில நம்ம கை வாடை பட்டிருக்கே. தன்னோடதில்லன்னு எல்லாத்தையும் முழுங்கிட்டா?"

"விடலன்னா மட்டும்? நீங்க உக்காந்து அடகாக்கப் போறீங்களா?"

இருவருமாக அதை வலையில் தூக்கிவந்து முட்டைத் தொட்டியில் இறக்கினார்கள். குருசு வலையைத் தளர்த்தினார். ஆண் நேராகப் பொந்துக்குள் நுழைந்தது. இருவரும் திரைக்கு ஓடினார்கள். அது பூசணம் பிடித்த முட்டை ஒன்றை முகர்ந்து விழுங்கியது. அடுத்ததையும் விழுங்கியது. குருசு மூச்சு விட்டார்.

பிறகு அதன் மூக்கு தெளிவான ஒரு முட்டையின்மேல் நின்றது. உள்ளே கரு ஒருமுறை புரண்டது.

"அது நல்லதுடா," என்றார் குருசு, திரையைப் பார்த்து. "அது நல்லது."

அகன்ற வாய் மெல்லத் திறந்தது. பொற்கொடி திரையில் அந்த முட்டையை உள்ளங்கையால் மூடினாள்.