வீட்டுக்குச் சொல்லியாச்சா?

அன்று காலையும் கணவர் ஒரு காலில் மட்டும் காலுறையோடு நின்றபடி காவல் நிலையத்துக்குப் போன் போட்டதை அவள் பார்த்தாள். குற்றச் செய்தி நிருபருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. "ஏட்டையா, என்ன விசேஷம்?" என்பார். விபத்தில் யாராவது இறந்திருந்தால், "வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்பார். சொல்லும்வரை பெயரைக் கேட்கமாட்டார், ஏட்டும் தரமாட்டார். இருவருக்கும் அப்படியொரு ஏற்பாடு.

மதியம் அந்த ஏட்டே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். பாலத்தடியில் தம்பி மேல் லாரி மோதிவிட்டது, அங்கேயே உயிர் போய்விட்டது என்றார். அவள் அழுது ஓய்ந்த பிறகும் அவர் கிளம்பவில்லை.

"தப்பா நினைக்காதம்மா. தம்பியைப் பிணவறையில விட்டுட்டு ஸ்டேஷனுக்கு வந்தா போன் அடிக்குது. தம்பிதான். 'வீட்டுக்குச் சொல்லியாச்சா'ன்னு கேட்டாரு. இன்னும் இல்லைனேன். 'அப்ப நாளைக்குக் கூப்பிடறேன்'னு வெச்சுட்டாரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியாச்சுன்னா?"

"பேரைக் கேட்டுக்குவாரு. அதுக்கப்புறம் அந்த விஷயமா கூப்பிடமாட்டாரு."

"அப்ப சொல்லலைனே சொல்லுங்கண்ணே."

"போலீஸ்காரனைப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"நிருபர்கிட்ட நீங்க சொல்லாத பொய்யா?"

கணவர் இடத்துக்குப் பத்திரிகையில் வேறு ஆள் வந்தாயிற்று. தினமும் காலையில் அவள் நிலையத்துக்குப் போய் ஏட்டின் மேசையருகே உட்காருகிறாள். போன் அடிக்கிறது. ஏட்டு ரிசீவரை அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சொல்லலை தம்பி" என்கிறார். அவள் மூச்சுவிடாமல் கேட்கிறாள்.

"பாவம். பார்த்து, மெதுவாச் சொல்லுங்க ஏட்டையா."