ஏழாம் நம்பரின் காற்றுக் கணக்கு

“யாரோ பொய் சொல்றா கோதை. ஒண்ணு உன் கம்ப்யூட்டர், இல்லேன்னா மீட்டர்” என்றார் மேலதிகாரி பட்டாபி போனில்.

கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் அந்தக் கடற்கரை ஓட்டலுக்கு ஹீட் பம்ப் வைக்கப் போகிறார்கள். அறையின் சூட்டை உறிஞ்சிக் குளுகுளுவென்று ஆக்கும், அதே சூட்டில் குளிக்க வெந்நீரும் போட்டுத் தரும்.

வாங்குவதற்கு முன்னால், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல காற்று கிடைக்குமா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக் காலை ஓட்டல் முதலாளி கையில் சரியான ரிப்போர்ட் இல்லையென்றால், கோதையின் ஆறு மாதத் தற்காலிக வேலை அதோடு சரி. பட்டாபி அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

கம்ப்யூட்டர் பாவம், கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். எந்த அறைக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டாமா? டெக்னீஷியன் மீட்டரோடு பன்னிரண்டு அறையையும் அளந்து முடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. பத்து வருடமாக அங்கே பெருக்கித் துடைக்கும் எல்லம்மாளைக் கேட்டு எழுதிக்கொண்டாள் கோதை. படித்த பெண்ணுக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

“எட்டாம் நம்பர்ல காத்து இருக்காம்மா?”

“சேச்சே! அது நல்ல ரூமும்மா. காத்தே கெடையாது.”

காற்று வந்தால் கூடவே மணலும் வரும், பெருக்குகிறவளுக்குக் காற்றில்லாத அறைதானே நல்ல அறை என்று கோதை சிரித்துக்கொண்டாள். பதினோரு அறைக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

“ஏழாம் நம்பர்ல?”

“அதுல கீதும்மா. வெளக்கு வெச்சப்பறம் ஜாஸ்தி. ஆடி மாசம்னா கேக்கவே வாணாம்.”

‘காற்றோட்டம்: மிக நன்று’ என்று குறித்துக்கொண்டாள் கோதை.

ஆனால் டெக்னீஷியன் செல்வராஜ் மீட்டரோடு அறை அறையாக அரைமணி நேரம் அடைந்து கிடந்து கொண்டுவந்த கணக்கு தலைகீழாக இருந்தது. பதினோரு அறையும் ஜோர். ஏழில் மட்டும் கரியமில வாயு ஏறிக்கொண்டே போக, மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“மீட்டர் புதுசு மேடம், பொய் சொல்லாது” என்று சத்தியம் செய்தார். கம்ப்யூட்டரோ அதே அறையில் தென்றல் வீசுவதாக அடம்பிடித்தது. மூன்று தடவை ஓட்டியும் அதே பிடிவாதம்.

பட்டாபியின் போனை வைத்ததும் கோதை எல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு நேராக ஏழாம் நம்பருக்குப் போனாள். சுற்றிலும் பார்த்தாள். மற்ற அறைகளில் கூரைக்குக் கீழே இருந்த இரண்டு வென்டிலேட்டரும் இங்கே இல்லை. அந்த இடத்தில் சிமெண்ட் பூசி, சந்தேகம் வராதபடி வெள்ளையும் அடித்திருந்தது.

“இதை யாரும்மா அடைச்சது?”

“நாங்கதான். மேனேஜரு சிமெண்டு வாங்கிக் குடுத்தாரு.”

“அப்புறம் ஏன்மா இங்க காத்து இருக்குன்னு சொன்னீங்க?”

“கீறதாலதானேம்மா அடைச்சோம்!”

கோதைக்குக் கோபம் தலைக்கேறியது. வேலையே போகப் போகிறது, இந்த அம்மாள் வேறு விளையாடுகிறாள்.

“அடைச்சிட்டா உள்ள இருக்கிற மனுஷன் எப்படிம்மா மூச்சு விடுவான்?”

எல்லம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்ய! காத்து கருப்பு இல்லியா? நீ மூச்சு வுடற காத்தையா கேட்ட?”