மாறிய ஓட்டு

"என் ஓட்டை மாத்திக்கறேன். எதிர்ப்புன்னு எழுதிக்குங்க."

இங்கா ராஸ்முசன் சொன்னதும் அமெரிக்காவின் மொன்டானா மாநில செனட் சபையே திரும்பிப் பார்த்தது.

சலவைக்கூடப் பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற மசோதா. அதைக் கொண்டுவந்தவளே இங்காதான். அந்தச் சபையில் கால் வைத்த முதல் பெண். ஆதரவாளர்கள் இரண்டு பேர் பனியில் ரயிலோடு மாட்டிக்கொள்ள, ஒரே ஓட்டில் தோற்றுக்கொண்டிருந்தது மசோதா. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது, எதிரிகளோடு போய்ச் சேர்ந்துகொள்வானேன்?

"பொம்பளைக்கு நாற்காலி குடுத்தா இப்படித்தான். காத்தடிச்ச பக்கம் சாயும்" என்றார் மசோதாவை எதிர்த்த செனட்டர் பிராட்லி.

சபை சிரித்தது.

மேலே பார்வையாளர் வரிசையில் டெலியா சிரிக்கவில்லை. சலவைக்கூடத்தில் பதினான்கு மணி நேரம் நின்ற அசதியில் கண் சொருகி, அவள் தங்கை கேட் தன் வலது கையை இஸ்திரி உருளையில் நசுக்கிக்கொண்டு நாலு மாதம்தான் ஆகிறது. இங்காவுக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் டெலியா.

சபை கலைந்ததும் இங்காவை வாசல் படியில் மறித்தாள்.

"ஏம்மா, என் தங்கச்சி கையைப் புடிச்சுக்கிட்டு அழுதீங்களே, அது வேஷமா?"

இங்கா திரும்பிப் பார்த்தாள். நாலு படி தள்ளி பிராட்லி நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வா, டெலியா."

"எதுக்கு? இன்னொரு தரம் கழுத்தறுக்கறதைப் பாக்கவா? உங்களுக்கு அந்த பிராட்லி எவ்வளவோ மேல். நேருக்கு நேர் எதிரி."

இங்கா குனிந்த தலையோடு படியிறங்கிப் போனாள்.

டெலியாவின் ஊருக்கு மறுநாள் மதியம்தான் ரயில். அதுவரை எங்கே போவது? குளிருக்கு ஒதுங்குவது போலத்தான் காலையில் மறுபடி பார்வையாளர் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். பனியில் மாட்டிய இரண்டு பேரும் விடியற்காலையில் வந்து சேர்ந்து, கீழே தங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கா எழுந்தாள்.

"நேத்துத் தோத்த மசோதாவை மறுபடி ஓட்டுக்கு விடணும்."

பிராட்லி துள்ளி எழுந்தார். "அதெப்படி? நேத்து ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க மட்டும்தான் அப்படிக் கேக்கலாம். இந்தச் சபையோட விதி அது! வேற யாரும்..."

அவர் பார்வை இங்காவிடம் திரும்பியது.

"ஆமாங்க ஐயா" என்றாள் இங்கா. "அதுக்காகத்தான் நேத்து உங்க பக்கம் ஓட்டுப் போட்டேன்."